இன்மை அறிக்கை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் கையெழுத்திட்டு அனுப்பிய தாள் ஒன்று உண்டு. அதில் நான்கு கட்டங்கள்: விபத்து, காயம், உடைமைச் சேதம், காப்பீட்டுக் கோரிக்கை. நான்கிலும் 'இல்லை' என்று எழுதி, மேலே 'இன்மை அறிக்கை' என்று குறித்துக் கல்லூரி முதல்வர் அறைக்கு அனுப்புவேன். 2011 முதல் 2020 வரை ஒன்பது ஆண்டுகளில் 36 அறிக்கைகள். அவற்றில் 35 இன்மை அறிக்கைகள். அந்த 35-இல் ஒன்று நான் தெரிந்தே எழுதிய பொய். மற்ற 34 மெய்யா பொய்யா என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள நான் யாரையும் கேட்டதில்லை.

அந்த ஒரு பொய்யைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை என் மனைவியிடம்கூட ஏழு ஆண்டுகள் சொன்னதில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்தேன். 2011-இல் மாணவர் விபத்துக் காப்பீட்டுக் கோப்பைக் கூடுதல் பொறுப்பாக என்னிடம் கொடுத்தார்கள். வேலை பெரிதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் கட்டணத்தோடு வசூலித்த பிரீமியத்தைச் சேர்த்து, பெயர், பிறந்த தேதி, வகுப்பு எழுதிய பட்டியலோடு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். நடுவில் சேரும் மாணவரைத் துணைப்பட்டியலில் ஏற்ற வேண்டும். யாருக்காவது அடிபட்டால் உடனே எழுத்தில் தகவல் கொடுத்து, மருத்துவச் சான்றும் ரசீதும் கோரிக்கைப் படிவமும் அனுப்ப வேண்டும். கூடவே விபத்துப் பதிவேடு. நீல அட்டை போட்ட நீள நோட்டு. எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், யார், எப்படி, உடன் இருந்தவர் யார், உடனே செய்தது என்ன, மறுபடி நேராமல் இருக்க என்ன செய்யலாம் என்று எட்டுப் பத்திகள் கோடு போட்டிருக்கும். எட்டாவது பத்தி எதற்காக இருக்கிறது என்று நான் அப்போது யோசித்ததே இல்லை.

பாலிசி ஆவணத்தை நான் முழுதாகப் படித்தவன். பெரும்பாலான கல்லூரிகளில் அதை யாரும் படிப்பதில்லை. ரசீதை மட்டும் கோப்பில் கட்டி வைப்பார்கள். நான் படித்தேன். மாணவருக்கு 24 மணி நேரமும் பாதுகாப்பு உண்டு என்று அதில் இருந்தது. வளாகத்தில் விழுந்தாலும் வீட்டில் விழுந்தாலும் வழியில் விழுந்தாலும் ஒன்றுதான். நிரந்தர ஊனம் ஏற்பட்டால் எந்த உறுப்புக்கு எத்தனை சதவீதம் என்று அட்டவணையே இருந்தது. இதைத் தெரிந்துகொண்டுதான் பின்னால் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

2013 டிசம்பர். ஒரு சனிக்கிழமை. இரண்டாம் ஆண்டு மாணவர்களை மண்டகப்பட்டுக்கு அழைத்துப் போனேன்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போய்ப் பிரிய வேண்டிய ஊர். வயலும் குன்றுமான நிலம். அங்கே ஒரு பாறைக் குன்றின் முகத்தைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த குகைக்கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். முன்னால் கனத்த தூண்கள், இரு பக்கமும் மாடத்தில் வாயிற்காவலர், உள்ளே மூன்று கருவறைகள். இன்று மூன்றும் வெறுமையாக இருக்கின்றன. மாணவர்கள் முதலில் ஏமாற்றமாகத்தான் பார்ப்பார்கள். மாமல்லபுரம் பார்த்த கண்ணுக்கு இங்கே ஒன்றுமில்லை என்று தோன்றும். அந்த நேரம் பார்த்துக் கல்வெட்டைக் காட்டுவேன். கிரந்த எழுத்தில், சமஸ்கிருதத்தில், சிறிய கல்வெட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணம் இல்லாமல் பிரமனுக்கும் ஈசுவரனுக்கும் விஷ்ணுவுக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் இந்தக் கோயிலைச் செய்வித்தான் என்பது அதன் பொருள்.

நான்கு இல்லைகள். அன்றும் அதைத்தான் விளக்கினேன். மரம் செல்லரிக்கும், செங்கல் உதிரும், சுண்ணம் பெயரும், இரும்பு துருப்பிடிக்கும். எது எது அழியும் என்று ஒருவன் எண்ணிப் பார்த்து ஒவ்வொன்றாக விலக்கியிருக்கிறான் பாருங்கள் என்றேன். இந்த நான்கு இல்லையையும் யார் வேண்டுமானாலும் இன்றைக்கும் கையால் தொட்டுச் சோதிக்கலாம் என்றும் சொன்னேன். ஆயிரத்து நானூறு ஆண்டாக அந்த வாசகம் மெய்யாக நிற்கிறது. அதை விளக்கி முடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

முந்தின நாள் தூறியிருந்தது. மாணவர்கள் சிலர் பக்கவாட்டில் இருந்த பாறைமேல் படம் எடுக்க ஏறினார்கள். நான் பார்த்தேன். கீழே நின்று ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். 'இறங்குங்கப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இறங்கும்போது ஒருவனுக்குக் கால் வழுக்கியது. இடது கையை ஊன்றி விழுந்தான். எழுந்து நின்று, 'ஒண்ணுமில்ல சார்' என்றான். முழங்கை இடம் மாறியிருந்ததைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

வேனில் போகும்போது என் மனத்தில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். அவன் கையைப் பற்றிய நினைவு குறைவுதான். அனுமதிக் கடிதத்தைப் பற்றித்தான் நினைத்தேன். வெளியே மாணவரை அழைத்துப் போக ஒரு வாரம் முன்பே விண்ணப்பம் கொடுத்து முதல்வரின் கையெழுத்து வாங்க வேண்டும். பெற்றோரின் சம்மதக் கடிதம், முதலுதவிப் பெட்டி, இன்னொரு ஆசிரியர், காப்பீட்டுப் பொறுப்பாளரிடம் பெயர்ப் பட்டியல் எல்லாம் வேண்டும். காப்பீட்டுப் பொறுப்பாளர் நானே. பக்கத்து ஊர்தானே, மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவோம் என்று ஒன்றையும் செய்யவில்லை. பிறர் செய்யாமல் விட்டால் குறிப்பாணை எழுதியவன் நான்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். அங்கே போனால் 'ஏ.ஆர்.' போடுவார்கள். எங்கே விழுந்தான், எப்படி விழுந்தான், யார் கூட்டி வந்தது என்று விபத்துப் பதிவில் ஏறிவிடும். அதனால் ஊருக்குள் ஒரு சிறிய நர்சிங் ஹோமுக்கு வண்டியை விடச் சொன்னேன். வழியில் அந்த மாணவனிடம், 'வீட்டு மாடிப்படியில விழுந்ததா சொல்லிடு தம்பி, இல்லேன்னா எல்லாருக்கும் கஷ்டம்' என்றேன். வலியில் முகம் வெளுத்திருந்தான். 'சரி சார்' என்றான். ஏன் என்று கேட்கவில்லை. ஆசிரியர் சொன்னார், அவ்வளவுதான் அவனுக்கு. மருத்துவர் நாங்கள் சொன்னதை எழுதிக்கொண்டார். அவர்மேல் குற்றம் இல்லை.

அவன் அப்பா குவாரியில் கல் உடைக்கிறவர். அவன் வீட்டில் மாடியே கிடையாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவரிடம் மகன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அதை அவர் எங்கேயும் பேசவில்லை. அறுவை செய்து பிளேட் வைத்த செலவுக்குத் தோடு அடகுக்குப் போயிற்று. இரண்டு வாரம் கழித்துக் கல்லூரிக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். 'ஐயா, சேரும்போது இன்சூரன்சுன்னு பணம் கட்டினோம். அதுல ஏதாச்சும் வருமான்னு பையன் கேட்டுட்டு வரச் சொன்னான்.'

'வீட்டில் விழுந்ததுக்கு வராதுங்க' என்றேன்.

இதுதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய முதல் பொய். பாறையில் கவனிக்காமல் இருந்தது அசட்டை. மருத்துவமனையை மாற்றியது பயம். இந்த வாக்கியத்தை நிதானமாக, நாற்காலியில் உட்கார்ந்து, உண்மை தெரிந்து சொன்னேன். வீட்டில் விழுந்தாலும் வரும். பாறையில் விழுந்தாலும் வரும். ஆனால் கோரிக்கை அனுப்பினால் சம்பவ அறிக்கை கேட்பார்கள், சாட்சி கேட்பார்கள், முதல்வர் கையெழுத்துப் போடும் முன் விசாரிப்பார். கூட வந்த மாணவர்கள் அத்தனை பேரும் பொய் சொல்ல வேண்டிவரும். தாமதம் ஆகிவிட்டது என்ற சாக்கும் எனக்கு இல்லை. தாமதத்தை மட்டும் காரணம் காட்டிக் கோரிக்கையைத் தள்ளக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை விட்டிருந்தது. அதன் நகல் என் கோப்பில் இருந்தது.

அவர் கையில் ஐயாயிரம் ரூபாயை என் பணமாகக் கொடுத்தேன். கும்பிட்டார். அந்தக் கும்பிடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவருக்குச் சட்டப்படி வர வேண்டியதைத் தடுத்துவிட்டு, தர்மம் செய்தவனைப் போல அதை வாங்கிக்கொண்டேன். பொங்கல் விடுமுறைக்கு முன் காலாண்டு அறிக்கை போயிற்று. இல்லை, இல்லை, இல்லை, இல்லை.

அந்த மாணவன் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவன். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அது ஒரு பெரிய கனவு. எழுத்துத் தேர்வு முடிந்தால் உடற்திறன் தேர்வு. அதில் கயிறு ஏற வேண்டும். நீளாத முழங்கையோடு யாரும் கயிறு ஏற முடியாது.

2014 ஜூன் 8-ஆம் தேதி இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் நின்றிருந்த ஐதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேரை, லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாளே பதிவேட்டைத் திறந்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை. 2015-இல் மாணவர் பாதுகாப்பு பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல்கள் வந்தன. சுற்றுலா போகும்போது செய்ய வேண்டியவையும் அதில் இருந்தன. ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டுக் கோப்பில் வைத்தேன்.

இதைவிடக் கூசுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ஆண்டுகளில் நான் பாதுகாப்புப் பற்றி மேடையில் பேசியிருக்கிறேன். ஆய்வக ஊழியர்களுக்கு நடத்திய பயிற்சியில் நான் எடுத்துக்கொண்டது டெல்லிப் பல்கலைக்கழகச் சம்பவம். வேதியியல் துறைக்கு 1968-இல் வாங்கிய காமாக் கதிர்வீச்சுக் கருவி. உள்ளே கோபால்ட்-60. 1985-க்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. 2010 பிப்ரவரியில் அதைப் பழைய சாமானோடு ஏலத்தில் விட்டுவிட்டார்கள். மாயாபுரி காயலான் கடைத் தொழிலாளர்கள் அதை உடைத்துப் பிரித்தார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருவர் இறந்தார், பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள். ஒரு நிறுவனம் தனக்குத் தெரிந்த ஆபத்தை எழுதி வைக்காவிட்டால் அந்த ஆபத்து, அதைப் பற்றி ஒன்றும் அறியாத ஓர் ஏழையின் கையில் போய்ச் சேரும் என்று அன்று பேசினேன். கைதட்டினார்கள். நீல நோட்டு அப்போது என் மேசை இழுப்பறையில் வெறுமையாக இருந்தது.

2016 பிப்ரவரியில் தொகுப்பூதியத்தில் இருந்த ஓர் இளம் விரிவுரையாளர் மாணவர்களை மண்டகப்பட்டுக்கு அழைத்துப் போக விண்ணப்பம் கொடுத்தார். எல்லாம் முறைப்படி. சம்மதக் கடிதங்கள், முதலுதவிப் பெட்டி, துணைக்கு ஓர் ஆசிரியை, பட்டியல். பட்டியலை என்னிடம் கொடுக்கும்போது, 'சார், நீங்க பல தடவை போயிருக்கீங்களே, அங்க ஏதாச்சும் கவனமா இருக்க வேண்டிய இடம் இருக்கா?' என்று கேட்டார். பதிவேட்டையும் பார்க்கலாமா என்றார். எடுத்துக் கொடுத்தேன். புரட்டினார். ஒன்றும் இல்லை.

'ஒண்ணும் இல்லப்பா. தண்ணி மட்டும் கொண்டு போங்க' என்றேன்.

என் வாழ்க்கையில் ஒரு மனிதன் எனக்குத் திறந்து கொடுத்த மிகப் பெரிய வாசல் அது. 'அந்தப் பக்கவாட்டுப் பாறை வழுக்கும், ஏறவிடாதீங்க' என்று சொல்ல என் குற்றத்தைக்கூட ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. அப்படிச் சொன்னால், 'ஏன் சார், யாராச்சும் விழுந்தாங்களா?' என்று கேட்பாரோ என்ற ஒரே பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அதே பாறை. இந்த முறை ஒரு மாணவி. தலையில் அடி. அந்த விரிவுரையாளர் எதையும் மறைக்காமல் நேராகப் புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டு போனார். பிழைத்தாள். ஒரு காது கேட்காமல் போயிற்று. அவளுக்குக் காப்பீட்டுத் தொகை வந்தது. ஏனென்றால் அவர் அன்று சாயங்காலமே நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்திருந்தார். என் 36 அறிக்கைகளில் இன்மை அறிக்கை அல்லாத ஒன்று அதுதான்.

விசாரணைக் குழு அமைத்தார்கள். அதில் நான் உறுப்பினர். அறிக்கையின் மூன்றாவது பத்தியை எழுதியது நான். 'இவ்விடத்தில் இதற்கு முன் விபத்து ஏதும் நிகழ்ந்ததாகப் பதிவு இல்லை' என்று எழுதினேன். சட்டத்தின் கண்ணில் அந்த வாக்கியம் பிழையற்றது. பதிவு இல்லைதான். ஆபத்தே இல்லாத இடத்தில் விபத்து நேர்ந்திருக்கிறது என்றால் அழைத்துப் போனவரின் கவனக்குறைவுதான் காரணம் என்று குழு முடிவு செய்தது. அடுத்த கல்வியாண்டில் அவருக்கு வேலை நீட்டிக்கப்படவில்லை. விதியை முறையாகப் பின்பற்றியவர் வெளியே போனார். விதியை மீறி, மறைத்து, பொய் எழுதிய நான் நல்ல பெயரோடு 2020-இல் ஓய்வு பெற்றேன்.

ஓய்வுக்குப் பிறகு விமான விபத்து ஒன்றைப் பற்றிப் படித்தேன். 1974 டிசம்பர் 1. அமெரிக்காவில் வாஷிங்டனை நெருங்கிக்கொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். இறங்கும் உயரம் பற்றிய ஓர் அறிவுறுத்தலை விமானிகள் தவறாகப் புரிந்துகொண்டார்கள். அதற்கு ஆறு வாரம் முன்பு யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று இதே அறிவுறுத்தலை இதே மாதிரி தவறாகப் புரிந்துகொண்டு, இதே மலையை மயிரிழையில் தப்பியிருக்கிறது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

அந்த வரியில் புத்தகத்தை மூடிவிட்டேன். அவர்கள் தங்கள் ஆட்களுக்காவது சொன்னார்கள். நான் அடுத்த மேசைக்காரருக்குச் சொல்லவில்லை. அன்றிரவுதான் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அந்தப் புள்ள கை இப்ப எப்படி இருக்கு?' என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஏழு ஆண்டாக நானும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அந்த விமான விபத்துக்குப் பிறகு 1976-இல் அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு வந்தது. விமானி தன் தவறை நாசா அமைப்புக்கு எழுதி அனுப்பலாம். பெயர் வெளியே வராது. வேண்டுமென்றே செய்த தவறாகவோ குற்றமாகவோ இல்லாமல், பத்து நாளுக்குள் எழுதிவிட்டால் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறையிடம் அந்தக் கடிதங்களைக் கொடுக்காமல் வேறோர் அமைப்பிடம் கொடுத்ததில்தான் அதன் உயிர் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நம் கல்லூரிகளில் பதிவேட்டை வைத்திருப்பவரும், அதில் எழுதினால் மாட்டிக்கொள்பவரும், விசாரணைக் குழுவில் உட்காருபவரும் பல சமயம் ஒரே ஆள். என் குற்றத்துக்கு இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. அந்த இளைஞரும் இதே அமைப்பில்தான் இருந்தார். அவர் உண்மையை எழுதினார்.

2021-இல் அந்த மாணவனைத் தேடிப் போனேன். செஞ்சிப் பக்கம் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறான். திருமணமாகி ஒரு குழந்தை. பிள்ளையை வலது கையில்தான் தூக்குகிறான். அவனிடமும் அவன் அப்பாவிடமும் பாலிசியில் என்ன இருந்தது என்பதைச் சொன்னேன். பெரியவர் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அப்ப வருமுன்னு சொல்லியிருந்தா தோடாவது மீந்திருக்கும்' என்றார். திட்டவில்லை. அட்டவணைப்படி எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்கிட்டு, அதை என் ஓய்வூதியத்திலிருந்து தவணையாகக் கொடுத்து முடித்தேன். அது காப்பீட்டுத் தொகைக்கு ஈடாகலாம். கயிற்றுக்கு ஈடாகாது.

விரிவுரையாளர் இப்போது திண்டிவனத்தில் போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்பு எடுக்கிறார். தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டார். 'நான் உங்களைக் கேட்டேன் சார்' என்றார். மறுபடியும், 'நான் கேட்டேன் இல்ல சார்?' என்றார். வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அழைக்கவில்லை. மன்னிப்பு தரச் சொல்லி அவரை வற்புறுத்தும் தகுதி எனக்கு இல்லை. அந்த மாணவியைச் சந்திக்க அவள் பெற்றோர் சம்மதிக்கவில்லை. அதுவும் அவர்கள் உரிமை.

பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கட்டண ரசீதில் 'காப்பீடு' என்று ஒரு வரி இருந்தால், பாலிசி எண்ணையும் நகலையும் கேட்டு வாங்குங்கள். பிள்ளைக்கு எங்கே அடிபட்டாலும் நீங்களே எழுத்தில் தகவல் கொடுங்கள். 'வராது' என்று ஒருவர் வாயால் சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் என்னால் எழுதித் தந்திருக்க முடியாது.

இந்தக் கட்டுரையைத் தொடங்கும் முன் பழைய கல்லூரிக்குப் போய் எழுத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். 2016-இன் விசாரணை அறிக்கையின் மூன்றாவது பத்தி பொய் என்றும், அதை எழுதியவன் நான் என்றும், அந்த விரிவுரையாளர்மீது போட்ட பழியை நீக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. நீல நோட்டை எடுத்து வரச் சொல்லி, காலம் கடந்த பதிவு என்று மேலே குறித்து, அவர்கள் முன்னிலையில் எழுதினேன். நாள்: 2013 டிசம்பர், சனிக்கிழமை. இடம்: மண்டகப்பட்டு, குகைக்கோயிலுக்குப் பக்கவாட்டுப் பாறை. எப்படி: ஈரப் பாறையில் வழுக்கி. காயம்: இடது முழங்கை, நிரந்தரமாக நீளாது. உடன் இருந்தவர்: என் பெயர். உடனே செய்தது: மறைத்தேன். எட்டாவது பத்தியில், 'மழைக்குப் பிறகு அந்தப் பாறையில் யாரையும் ஏறவிடக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.